போலிக் கணக்குகள் பதிவு வாசலிலேயே ஏன் தடுக்கப்படுவதில்லை?

2025 ஜூன் தொடக்கத்தில் இந்திய ரயில்வே வெளியிட்ட ஓர் அறிவிப்பு பலரையும் திகைக்க வைத்தது. முன்பதிவுத் தளமான ஐஆர்சிடிசியில் சந்தேகத்துக்குரியவை என்று கண்டறியப்பட்ட 2.5 கோடிக்கும் மேற்பட்ட பயனர் கணக்குகள் முடக்கப்பட்டிருந்தன. அவசரப் பயணத்துக்கான தட்கல் முன்பதிவு தொடங்கும் முதல் 5 நிமிடங்களில் வரும் உள்நுழைவு முயற்சிகளில் 50 விழுக்காடு வரை ‘பாட்’ எனப்படும் தானியங்கி நிரல்களுடையவை என்றும் அந்த அறிவிப்பு கூறியது. ஜூலை 1 முதல் ஆதார் சரிபார்ப்பு முடித்த கணக்குகளில் மட்டுமே இணையவழித் தட்கல் கிடைக்கும் என்ற விதியும் அதையொட்டி வந்தது.

அந்த விதிக்கு முன்பும் தளத்தில் கணக்குத் தொடங்க மின்னஞ்சல் முகவரி, கைபேசி எண், ஓடிபி, படத்தில் தெரியும் எழுத்துகளைத் தட்டச்சு செய்யும் கேப்சா ஆகிய அனைத்தும் கேட்கப்பட்டன. இத்தனையையும் தாண்டிச் சந்தேகக் கணக்குகள் கோடிக்கணக்கில் உள்ளே வந்தது எப்படி என்ற கேள்வி இயல்பாகவே எழுகிறது. இந்தச் சிக்கல் ரயில்வேக்கு மட்டும் உரியதல்ல. 2019-இன் முதல் காலாண்டில் மட்டும் ஃபேஸ்புக் நீக்கிய போலிக் கணக்குகள் 219 கோடி. அவற்றில் பெரும்பாலானவை பதிவான சில நிமிடங்களிலேயே நீக்கப்பட்டவை. பத்துப் பேர் நடத்தும் ஒரு சிறு தமிழ்த் தளமும், அளவில் வேறுபட்டாலும், இதே தாக்குதலைச் சந்திக்கிறது.

கணக்கு எதற்கு வேண்டும்?

கேட்காதவர்களுக்கு மொத்தமாக அனுப்பப்படும் விளம்பரத்தை ஸ்பேம் என்கிறோம். தமிழ்க் கணிமையாளர்கள் எரிதம் என்றும் எழுதுகிறார்கள். 1978 மே 3 அன்று ஒரு கணினி நிறுவனத்தின் விற்பனைப் பிரிவு, இணையத்தின் முன்னோடியான அர்ப்பாநெட் வலையமைப்பில் இருந்த ஏறக்குறைய 400 பேருக்கு ஒரே விளம்பரத்தை அனுப்பியதுதான் இவ்வகையில் அறியப்பட்ட முதல் மின்னஞ்சல். அப்போது வலையமைப்பில் இருந்தவர்களுக்கு யாரிடமும் பதிவு செய்யாமலேயே எழுத முடிந்தது. இடம் திறந்து கிடந்தால் குப்பை குவியும் என்று தெரிந்த பிறகு ஒவ்வொரு தளமும் ‘முதலில் கணக்குத் தொடங்குங்கள்’ என்று வாசலைப் பூட்டத் தொடங்கியது. அதன் விளைவாக, கணக்கு என்பதே விலை போகும் சரக்காகிவிட்டது. அந்தச் சரக்கை வாங்குபவர்களின் தேவை மூன்று வகைப்படும்.

1. இணைப்பு. ஒரு பக்கத்துக்குப் பிற தளங்கள் எத்தனை இணைப்புத் தருகின்றன என்பதைக் கூகுள் போன்ற தேடுபொறிகள் அதன் மதிப்பைக் கணிப்பதற்குப் பயன்படுத்துகின்றன. ஆகவே கணக்கின் சுயவிவரப் பக்கத்தில் சூதாட்டத் தளத்தின் முகவரியை இட்டுவிட்டுப் போவதே பலருக்குப் போதுமானது. இந்தக் கணக்குகள் கடைசிவரை ஒரு வரிகூட எழுதுவதில்லை.

2. தட்டுப்பாடான பொருள். தட்கல் இருக்கை, முதல்முறை வாங்குபவருக்கான தள்ளுபடி, இலவசச் சேமிப்பிடம் என ஆளுக்கு ஒன்று என்று பிரித்துத் தரப்படும் எதையும் நூறு கணக்கு உள்ளவர் நூறு பங்காக எடுத்துக்கொள்கிறார்.

3. பிற பயனர்களை நேரடியாக அணுகுதல். வீட்டிலிருந்தே வேலை, உடனடிக் கடன் என்று வரும் தனிச்செய்திகள் இந்த வகை. பணத்தை இழப்பவர்கள் பெரும்பாலும் இங்கேதான் சிக்குகிறார்கள்.

முதல் வகையின் ஆதாயத்தை வற்றச் செய்ய 2005 ஜனவரியில் கூகுள், யாகூ, மைக்ரோசாஃப்ட் மூன்றும் சேர்ந்து ‘நோஃபாலோ’ என்ற குறியீட்டைக் கொண்டுவந்தன. ஓர் இணைப்பில் அந்தக் குறி இருந்தால் தேடுபொறி அதற்கு மதிப்புத் தராது என்பதே அன்றைய ஏற்பாடு. ஆயினும் இணைப்பு எரிதம் நின்றுவிடவில்லை. ஒரு தளத்தில் குறி இருக்கிறதா, இல்லையா என்று பார்ப்பதைவிட இலட்சம் தளங்களில் ஒரே மூச்சில் பதிவதே எரிதம் அனுப்புபவருக்கு மலிவு.

ஒரு போலிப் பதிவு எப்படி இருக்கும்?

நிர்வாகியின் பதிவேட்டில் இந்தக் கணக்குகளை அடையாளம் காண்பது கடினமல்ல. பயனர்பெயர் ஏதோ ஒரு பெயருக்குப் பின்னால் நான்கு எண்களைக் கொண்டிருக்கும். பிறந்த நாள் பெரும்பாலும் ஜனவரி 1, ஏனென்றால் பட்டியலில் முதலில் நிற்பது அதுதான். பத்துப் பெட்டிகள் உள்ள படிவம் திறந்த 2 விநாடியில் நிரம்பியிருக்கும்; மனிதர் ஒருவருக்குத் தம் பெயரைத் தட்டச்சு செய்யவே அதைவிடக் கூடுதல் நேரம் பிடிக்கும். கட்டாயமில்லாத பெட்டிகளும் ஒன்று விடாமல் நிரப்பப்பட்டிருக்கும். ‘உங்கள் இணையதளம்’ என்ற பெட்டி நிச்சயமாக நிரம்பியிருக்கும்.

இந்த அடையாளங்களைக் கண்ணால் காண முடிகிறது என்றால் கணினிக்கும் சொல்லித்தர முடியும். எளிய தடைகள் பலவும் இந்த எண்ணத்திலிருந்து பிறந்தவையே. ஆனால் நிறுவனங்கள் நெடுங்காலம் சென்றது வேறு வழியில்: வந்திருப்பது மனிதரா என்று வாசலிலேயே சோதிக்கும் வழி அது.

கோணல் எழுத்துகளின் கதை

1997-இல் ஆல்டாவிஸ்டா என்ற தேடுபொறியில் எவரும் தம் பக்கத்தின் முகவரியைச் சேர்க்கலாம். நிரல்கள் அந்த வசதிக்குள் குப்பை முகவரிகளைக் கொட்டியபோது, அதன் ஆய்வாளர்கள் ஒரு ஸ்கேனரின் பயன்பாட்டுக் கையேட்டை எடுத்து வைத்துக்கொண்டார்கள். எழுத்துகளைச் சரியாகப் படிக்க எழுத்துரு ஒரே மாதிரி இருக்க வேண்டும், பின்னணி சுத்தமாக இருக்க வேண்டும் என்று கையேடு சொன்னதையெல்லாம் தலைகீழாகச் செய்து, இயந்திரம் படிக்க முடியாத எழுத்துப் படத்தை உருவாக்கினார்கள். குப்பை 95 விழுக்காட்டுக்கும் மேல் குறைந்தது.

2000-ஆம் ஆண்டில் யாகூவின் அரட்டை அறைகளில் பாட்கள் புகுந்தபோது, கார்னெகி மெலன் பல்கலைக்கழகத்தின் லூயிஸ் வான் ஆன், மானுவல் புளூம் உள்ளிட்டோர் இதே எண்ணத்தைக் கோட்பாடாக வளர்த்துக் கேப்சா என்று பெயரிட்டார்கள். 2007-இல் வந்த ரீகேப்சா, பழைய நூல்களையும் நாளிதழ்களையும் ஸ்கேன் செய்தபோது கணினிக்குப் புரியாமல் போன சொற்களை மனிதர்களிடம் காட்டிப் படிக்க வைத்தது. 2009-இல் கூகுள் அதை வாங்கியது.

இந்தச் சோதனைக்குப் பிறவியிலேயே ஒரு குறை உண்டு. மனிதருக்கு எளிது, கணினிக்குக் கடினம் என்ற இடைவெளி இருக்கும் வரைதான் அது வேலை செய்யும். 2014-இல் கூகுளே அந்த இடைவெளி மூடிவிட்டதை அறிவித்தது: மிகக் கடினமான கோணல் எழுத்துகளையும் தன் நிரல் 99.8 விழுக்காடு துல்லியத்துடன் படித்துவிடுகிறது என்றது. அதன் பிறகு ‘நான் ரோபோ அல்ல’ என்ற பெட்டியும், போக்குவரத்து விளக்கு உள்ள கட்டங்களைத் தேர்ந்தெடுக்கச் சொல்லும் படங்களும் வந்தன. 2024-இல் சூரிச் தொழில்நுட்பப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அந்தப் படங்களையும் ஒன்று விடாமல் கணினியைக் கொண்டு தீர்த்துக் காட்டினார்கள். அதற்கு முந்தைய ஆண்டில் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் அர்வைன் வளாகத்தில் 1,400 பேரைக் கொண்டு நடந்த ஆய்வு, பெரும்பாலான கேப்சாக்களைத் தீர்ப்பதில் பாட்கள் மனிதர்களைவிட வேகமாகவும் துல்லியமாகவும் இருப்பதைக் கண்டது. இன்று கேப்சாவில் தடுமாறுபவர் பெரும்பாலும் மனிதர்தான்.

கணினி கைவிட்டாலும் கூலிக்கு ஆள் கிடைப்பார்கள் என்பது இதன் மறுபக்கம். 2010-இல் அதே பல்கலைக்கழகத்தின் சான் டியாகோ வளாக ஆய்வாளர்கள், கேப்சா தீர்த்துத் தரும் கூலிச் சேவைகளில் தாங்களே வாடிக்கையாளர்களாகச் சேர்ந்து சந்தையை அளந்தார்கள். 1,000 கேப்சாவுக்கு ஏறக்குறைய 1 டாலர்தான் விலை, அதாவது அன்றைய மதிப்பில் ஒன்றுக்கு 5 காசுக்கும் குறைவு. வேலை செய்பவர்கள் எந்த நாட்டினர் என்று அறிவதற்காகப் பல மொழிகளில் கேப்சா தயாரித்து அனுப்பினார்கள். அவற்றில் இந்தியும் தமிழும் இருந்தன. ‘இவர் மனிதரா?’ என்ற கேள்விக்கு அந்தத் தொழிலாளி உண்மையான விடைதான் தருகிறார். சோதனை தோற்பது கேள்வியே பொருந்தாததால். கேட்க வேண்டிய கேள்வி, இந்தக் கணக்கைத் தொடங்க எதிராளிக்கு எவ்வளவு செலவாகிறது, அதனால் அவருக்கு எவ்வளவு கிடைக்கிறது என்பதே.

வாசலில் வைக்கக்கூடிய மற்றத் தடைகள்

1. மறைபெட்டி. படிவத்தில் மனிதர் கண்ணுக்குத் தெரியாத ஒரு பெட்டியை வைத்தால், எல்லாவற்றையும் நிரப்பும் நிரல் அதையும் நிரப்பி மாட்டிக்கொள்ளும். 2 விநாடியில் வந்து சேரும் படிவத்தை நிராகரிப்பதும் இதே வகை. பார்வையற்றோர் பயன்படுத்தும் திரைவாசிப்பு நிரல் அந்தப் பெட்டியைப் படிக்காதபடி குறிப்பிட வேண்டும்; உலாவி தானாக நிரப்பிவிடாதபடியும் பெயரிட வேண்டும். நேர்மையான பயனருக்கு எந்தச் சுமையும் தராத தடை என்பதால் முதலில் வைக்க வேண்டியது இதுவே. குறிப்பாக உங்கள் தளத்துக்கென்று எழுதப்பட்ட நிரலை மட்டும் இது நிறுத்தாது.

2. மின்னஞ்சல் உறுதிப்படுத்தல். பத்து நிமிடம் இருந்து மறையும் தற்காலிக முகவரிகளை வழங்கும் தளங்கள் ஏராளம். ஐஆர்சிடிசியும் அத்தகைய முகவரிகளைத் தடுக்க வேண்டியதாயிற்று. இன்னொரு ஓட்டை அதிகம் கவனிக்கப்படுவதில்லை: ஜிமெயில், முகவரியில் உள்ள புள்ளிகளைப் பொருட்படுத்துவதில்லை. எட்டு எழுத்துள்ள பெயரில் ஏழு இடைவெளிகள் உண்டு. ஒவ்வொன்றிலும் புள்ளி வைக்கலாம் அல்லது விடலாம் என்பதால் ஒரே அஞ்சல்பெட்டிக்கு 128 முகவரிகள் கிடைக்கின்றன. தளம் இவற்றை 128 பேராக எண்ணாமல் இருக்க, புள்ளிகளை நீக்கிவிட்டு ஒப்பிட வேண்டும்.

3. ஐபி முகவரித் தடை. ஐபி முகவரி என்பது ஓர் இணைய இணைப்பை அடையாளம் காட்டும் எண். எரிதம் வந்த ஐபி முகவரிகளையும் மின்னஞ்சல்களையும் பகிர்ந்துகொள்ளும் பொதுப் பட்டியல்கள் உள்ளன. பதிவின் போது அவற்றோடு ஒப்பிடுவது பயன் தரும். ஆனால் அதை மட்டுமே நம்பித் தடுப்பது எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தியது போலாகும். கைபேசி நிறுவனங்கள் ஒரே ஐபி முகவரியைப் பல வாடிக்கையாளர்களுக்குப் பகிர்ந்து தருகின்றன. ஒருவரைத் தடுக்கப்போய் அதே முகவரியில் இருக்கும் முகமறியாத பலரைத் தடுத்துவிடுவோம். எரிதக்காரரோ வீட்டு இணைப்புகளை வாடகைக்கு எடுத்து நிமிடத்துக்கு ஒரு முகவரி மாற்றுவார்.

4. கைபேசி ஓடிபி. சிம் அட்டைக்குப் பணமும் அடையாளச் சான்றும் தேவை என்பதால் இது வலுவான தடை. இந்தியாவின் பெரும்பகுதியில் ஒருவர் பெயரில் 9 சிம் வரைதான் வைத்திருக்கலாம். எனினும் ஒவ்வொரு குறுஞ்செய்திக்கும் தளம் பணம் கட்டுகிறது. கட்டணம் அதிகமுள்ள எண்களுக்கு ஓடிபி கேட்டுக்கொண்டே இருந்து, அந்தக் கட்டணத்தில் பங்கு பெறும் மோசடியும் நடக்கிறது.

5. கணக்கிடும் வேலை. பதிவு செய்யும் கணினி சில விநாடிகள் ஒரு கணக்குப் புதிரைத் தீர்க்க வேண்டும் என்ற யோசனை, சிந்தியா டுவொர்க், மோனி நாவோர் ஆகிய கணினியியலாளர்கள் மின்னஞ்சல் எரிதத்தைத் தடுக்க 1992-இல் முன்வைத்த எண்ணத்திலிருந்து வந்தது. பிறருடைய கணினிகளைக் கைப்பற்றி வைத்திருப்பவருக்கு மின்சாரச் செலவே இல்லை என்பதும், பழைய கைபேசி வைத்திருப்பவருக்கு அதுவே நீண்ட காத்திருப்பு என்பதும் இதன் பலவீனங்கள்.

தமிழில் கேட்கும் கேள்வி

சிறு தளங்களுக்கு ஒரு நல்ல தடை உண்டு: தமிழில் ஒரு கேள்வி கேட்பது. இலட்சம் தளங்களைக் குறிவைக்கும் நிரலுக்கு ஒரே ஒரு தளத்தின் கேள்விக்காக மெனக்கெடுவது கட்டுப்படியாகாது. செயற்கை நுண்ணறிவு மாதிரிகள் இன்று தமிழைப் படிக்கும் என்றாலும், அவற்றை அழைக்கக் காசு கொடுக்க வேண்டும். அந்தச் செலவே தடையின் பகுதி.

ஆனால் கேள்வியைக் கவனமாகத் தேர வேண்டும். ‘முழுநிலவு நாளின் பெயர் என்ன?’ என்று கேட்டால் ஒருவர் பௌர்ணமி என்று எழுதுவார், இன்னொருவர் பவுர்ணமி என்பார், இலங்கையில் பூரணை என்றும் பறுவம் என்றும் எழுதுவார்கள். இவற்றோடு பார்வைக்குத் தெரியாத ஒரு சிக்கலும் சேர்கிறது. பௌ என்பதன் வலப்பக்கக் குறியும் ள என்ற எழுத்தும் ஒரே வடிவில் இருப்பதால், பெ என்ற எழுத்தை அடுத்து ள என்ற தனி எழுத்தைத் தட்டச்சு செய்பவர்கள் பலர். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும். கணினிக்கு அவை வெவ்வேறு சொற்கள். கொ, கோ போன்ற எழுத்துகளின் உயிர்க்குறியும், எழுத்துகளைக் கணினியில் சேமிப்பதற்கான பொதுத் தரமான ஒருங்குறியில் (யூனிகோட்) ஒரே குறியாகவோ இரண்டு குறிகளாகவோ சேமிக்கப்படலாம். இந்த இரண்டாவது வகையை ஒருங்குறி நெறிப்படுத்தல் என்ற வழக்கமான செயல்முறை சமன்செய்துவிடும். ளகரக் குழப்பத்தை அது தீர்க்காது, தனியே கையாள வேண்டும். இவற்றைக் கவனிக்காத நிர்வாகி, சரியான விடையளித்த மனிதர்களைத் திருப்பி அனுப்புகிறார். அவர்கள் ஏன் போனார்கள் என்று அவருக்குத் தெரியவே தெரியாது. ‘தேங்காய் எந்த மரத்தில் காய்க்கும்?’ என்று கேட்டு, ‘தென்னை’, ‘தென்னைமரம்’, ஆங்கில எழுத்தில் தட்டிய ‘தென்னை’ ஆகிய மூன்றையும் ஏற்பது போன்ற எளிமையே போதும். சில மாதங்களுக்கு ஒருமுறை கேள்வியை மாற்றிவிட வேண்டும்.

தடையின் சுமை யார் தலையில்?

ஒவ்வொரு தடைக்கும் இரண்டு விலை உண்டு: எரிதக்காரர் கொடுப்பது ஒன்று, நேர்மையானவர் கொடுப்பது மற்றொன்று. இரண்டாவதை எந்தப் பதிவேடும் எழுதிவைப்பதில்லை. படக் கேப்சா பார்வையற்றவரை வெளியே நிறுத்துகிறது என்பதை, வலைத்தளங்களுக்கான தரநிலைகளை வகுக்கும் உலகளாவிய வலைக் கூட்டமைப்பு (W3C) 2005-லேயே ஆவணப்படுத்தியது. அதற்கு மாற்றாகத் தரப்படும் ஒலிக் கேப்சாவின் இரைச்சலில் அந்நிய உச்சரிப்பைப் பிரித்தறிவது, ஆங்கிலம் புழங்காதவருக்கு எவ்வளவு துன்பம் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. 2025 ஏப்ரல் 30 அன்று இந்திய உச்ச நீதிமன்றம், கண் சிமிட்டிக் காட்டச் சொல்லும் மின்னணு அடையாளச் சரிபார்ப்பில் அமிலவீச்சால் பாதிக்கப்பட்டோரும் பார்வைக் குறைபாடு உடையோரும் விலக்கப்படுவதைக் கருதி, எண்ணிம (டிஜிட்டல்) சேவைகளை அணுகுவது வாழ்வுரிமையின் பகுதி என்று தீர்ப்பளித்தது. பதிவுப் படிவம் வடிவமைப்பவர்கள் எல்லோரும் படிக்க வேண்டிய தீர்ப்பு அது.

வாசலுக்கு உள்ளே

வாசலில் செலவைக் கூட்டுவதற்கு ஓர் எல்லை உண்டு. ஆகவே கணக்கால் கிடைக்கும் ஆதாயத்தைக் குறைப்பதே மறுவழி. என் மதிப்பீட்டில் அதிகப் பலன் தருவதும் அதுவே. பதிவானவுடன் எல்லா உரிமையும் கிடைப்பதால்தான் கணக்குக்கு விலை இருக்கிறது. ஆங்கில விக்கிப்பீடியாவில் எவரும் கணக்குத் தொடங்கலாம்; ஆனால் 4 நாள் கழிந்து, 10 திருத்தங்களும் செய்த பிறகே பகுதியளவு காக்கப்பட்ட பக்கங்களைத் திருத்தும் உரிமை தானாக வருகிறது. புதியவரின் சுயவிவரத்தில் இணைப்பைக் காட்டாமல் இருப்பது, அந்தப் பக்கத்தைத் தேடுபொறியிடமிருந்து மறைப்பது, முதல் சில பதிவுகளை ஒரு மனிதர் பார்த்த பின் வெளியிடுவது, தனிச்செய்தி அனுப்பும் உரிமையை ஒரு வாரம் தள்ளிவைப்பது ஆகிய நான்கும் நேர்மையான புதியவரை அதிகம் உறுத்துவதில்லை. அவர் பெரும்பாலும் முதலில் படிக்கத்தான் வருகிறார். எரிதக்காரருக்கோ ஒவ்வொரு கணக்கையும் ஒரு வாரம் பராமரிப்பது பெரும் செலவு.

தட்கலில் ஏன் ஆதார்?

இப்போது தொடக்கத்தில் எழுந்த கேள்விக்கு வரலாம். சுயவிவர இணைப்பின் மதிப்பு சில காசுகள். பண்டிகைக்கு முந்தைய நாளில் சென்னையிலிருந்து நெல்லைக்குக் கிடைக்கும் ஓர் உறுதியான படுக்கைக்கு இடைத்தரகர் வாங்கும் கூடுதல் தொகை சில நூறு ரூபாய். அவ்வளவு வரவு இருக்கும் இடத்தில் 5 காசுக் கேப்சாவும் தற்காலிக மின்னஞ்சலும் தடையே ஆகாது. மேலும், பயணச்சீட்டு கையில் வந்த நொடியிலேயே ஆதாயம் முடிந்துவிடுவதால், தவறு செய்த கணக்கைப் பின்னர் முடக்குவதிலும் பொருளில்லை.

அதனால் ரயில்வே செலவையும் காலத்தையும் சேர்த்தே கூட்டியது. ஆதார் சரிபார்க்காத புதிய கணக்குகள் பதிவான 3 நாளுக்குப் பிறகே முன்பதிவு திறக்கும் நாளிலேயே எடுக்கும் பயணச்சீட்டையும் தட்கலையும் பெறலாம் என்ற இடைவெளி முதலில் வந்தது. ஜூலையில் தட்கலுக்கு ஆதார் கட்டாயமானது. அங்கீகரிக்கப்பட்ட முகவர்களும் முதல் அரைமணி நேரம், அதாவது குளிர்சாதன வகுப்புக்குக் காலை 10 முதல் 10.30 வரையிலும் மற்ற வகுப்புகளுக்கு 11 முதல் 11.30 வரையிலும், தட்கல் எடுக்கத் தடை விதிக்கப்பட்டது. ஒருவருக்கு ஓர் ஆதார் என்பதால் ஆயிரம் கணக்குக்கு ஆயிரம் உண்மையான மனிதர்கள் தேவைப்படுகிறார்கள்.

இதே வழியைப் பிற தளங்களும் பின்பற்றலாமா என்றால், கூடாது என்பதே என் கருத்து. ஓர் உரையாடல் தளத்தில் கருத்து எழுதுவதற்கு அரசு அடையாளச் சான்று கேட்டால், வேலை பறிபோகும் என்று அஞ்சி மறைபெயரில் எழுதுபவரும், வீட்டில் நடக்கும் வன்முறையைப் பற்றி யோசனை கேட்கும் பெண்ணும் முதலில் விலகுவார்கள். அந்தத் தளத்தின் கையில் சேரும் அடையாளத் தரவு நாளை கசிந்தால், எரிதத்தைவிடப் பெரிய தீங்கு விளையும்.

தட்கலிலும் ஆட்டம் முடிந்துவிடவில்லை. விதி நடைமுறைக்கு வந்த சில நாள்களிலேயே, ஆதார் சரிபார்ப்பு முடித்த ஐஆர்சிடிசி கணக்குகள் டெலிகிராம் குழுக்களில் விற்கப்படுவதாகச் செய்திகள் வந்தன. தங்கள் பெயரில் சரிபார்த்த கணக்கைச் சிறு தொகைக்குக் கைமாற்றுபவர்கள் இருக்கும் வரை அந்தச் சந்தை நடக்கும். ஆனால் தற்காலிக மின்னஞ்சலில் சும்மா கிடைத்த கணக்கை இப்போது விலை கொடுத்து வாங்க வேண்டியிருக்கிறது. முடக்கிய கணக்குகள் எத்தனை கோடி என்ற எண்ணிக்கையைவிட, அந்தக் குழுக்களில் ஒரு கணக்குக்குச் சொல்லப்படும் விலை ஏறுகிறதா, இறங்குகிறதா என்பதே இந்தத் தடை எந்த அளவுக்குப் பலித்திருக்கிறது என்பதைக் காட்டும்.